செட்டிநாட்டுப் பொட்டலில் பறவை பார்க்கக் காசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

காரைக்குடியைச் சுற்றி பழைய நகரத்தார் வீடுகளைப் புதுப்பித்து விடுதியாக்கியவர்களில் சிலர் இப்போது ‘காலைப் பறவை நடை’ என்று ஒன்றை விற்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பட்டறை, சமையல் வகுப்பு, மாட்டுவண்டிச் சவாரி என்று அச்சடித்த அட்டையில் கடைசி வரியாக அதுவும் இருக்கும். அப்படி ஒரு விடுதியின் நடைக்குப் பொங்கலை ஒட்டியும், அப்புறம் குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்கு ஊர்ப்பக்கம் வந்தபோதும் நானும் மகளும் போய் வந்தோம். விடுதியின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை பார்க்கும் வழிகாட்டி அண்ணனுக்கு அதனால் ஒரு சங்கடம் வர வேண்டாம். எந்த விடுதியில் பதிவு செய்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

கட்டணம் ஆளுக்கு 1,500 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. ஜீப், பைனாகுலர், வழிகாட்டி, திரும்பி வந்ததும் காலைப் பலகாரம் எல்லாம் அதற்குள் அடக்கம். அட்டையில் பெரிய இருவாச்சி ஒன்று அலகைத் திறந்துகொண்டு நிற்கிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுப் பறவை, ஆனைமலைப் பக்கம் போனால் பார்க்கலாம், சிவகங்கைச் சீமை வெயிலில் அதற்கு என்ன வேலை? கீழே ‘மயில் நடனம் நிச்சயம்’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். மயிலுக்கெல்லாம் உத்தரவாதம் தேவையா என்று நிலக்கடலை விதைத்திருக்கும் எந்த விவசாயியிடமாவது கேட்டுப் பாருங்கள், வாயில் நல்ல வார்த்தை வராது. அட்டையை எழுதியவர் அந்தப் பொட்டலில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே நிஜமாகவே இருக்கும் பறவைகளில் ஒன்றின் பெயர்கூட அட்டையில் இல்லை.

விடுதி சொல்லும் நேரம் காலை ஏழரை. வரவேற்பில் இருந்த பெண், “காபி குடிச்சிட்டு நிதானமா கிளம்பலாம் சார்” என்றார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த வழிகாட்டி அண்ணன் என்னைப் பார்த்து “அஞ்சே முக்கால்” என்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். நாங்கள் அஞ்சே முக்காலுக்குத்தான் கிளம்பினோம், விடுதிக்காரர்கள் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், போகட்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வறண்ட நிலத்துப் பறவைகள் வெயில் ஏறுவதற்கு முன்னால் தங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன. பங்குனியில் எட்டு மணிக்கெல்லாம் பொட்டல் அடங்கிவிடுகிறது, அதற்குமேல் தெரிவதெல்லாம் காக்கை, மைனா, தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான். ஏழரைக்குக் கிளம்பி ஜீப்பில் போய் இறங்கினால் 1,500 ரூபாய்க்கு நீங்கள் பார்க்கப்போவது அவ்வளவுதான்.

கரிச்சானைக் குறைத்துச் சொல்லவில்லை. நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியபோது கிழக்கே வெளுக்கவே இல்லை, அப்போதே அது கூப்பிட ஆரம்பித்திருந்தது. எந்தப் பறவைக்கும் முன்னால் எழுந்து குரல் கொடுக்கிற ஆள் அது. தன் கூட்டுப் பக்கம் காக்கை வந்தால், பருந்தே வந்தாலும், முதுகில் ஏறிக் கொத்தித் துரத்தும். அதனால் கொண்டைக்குருவி, புறா மாதிரி சாதுவான பறவைகள் கரிச்சான் கூடு இருக்கும் மரத்திலேயே தாங்களும் கூடு கட்டிக்கொள்வது உண்டு. இதை அண்ணன் சொல்லிக் கேட்டபோது மகள், “அப்போ அது செக்யூரிட்டியா?” என்றாள். “சம்பளம் வாங்காத செக்யூரிட்டி ஆத்தா” என்றார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், பக்கத்துக் கிராமம், பல வருஷம் ஆடு மேய்த்தவர், இப்போதும் கொஞ்சம் ஆடுகள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கருவைப் புதரிலும் எது அடையும், எந்தக் கரையில் எது வளை தோண்டும் என்பது அவருக்குத் தெரிகிறது. இறங்கியதும் எல்லோரும் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “மரத்தை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, தரையைப் பாருங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்கே பாதிக் கட்டணம் செரித்துவிட்டது எனக்கு. இந்த மண்ணுக்கென்றே உள்ள பறவைகளில் பலவும் தரையில்தான் இருக்கின்றன.

முதலில் கௌதாரி. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும், விடிகாலையில் ஒரு பக்கம் ஒன்று கணீரென்று அடுக்கிக் கூப்பிட, கொஞ்ச நேரத்தில் அந்த வெளி முழுக்க நாலைந்து திசையிலிருந்து பதில் வருகிறது. ஆளைக் கண்டால் ஓடும், பறப்பது அதற்குக் கடைசி வழி. பகலெல்லாம் தரையில் திரிந்தாலும் ராத்திரி முள்மரத்தில் ஏறித்தான் தூங்கும். எங்களோடு வந்திருந்த ஒருவர் அதைப் பார்த்ததும் “இது மெஸ்ஸில் கிடைக்குமா?” என்று கேட்டார். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி பிடிப்பது குற்றம். செட்டிநாட்டு மெஸ்களில் காடை வறுவல் என்று தட்டில் வருவதெல்லாம் பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை.

காட்டில் இருக்கிற காடையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அண்ணன் எங்களை ஒரு வண்டிப்பாதை ஓரமாகக் கூட்டிப் போய், புழுதியில் சின்னச் சின்னதாக வட்டமாகக் கிளறியிருந்ததைக் காட்டினார். குறுங்காடையின் வேலை. பார்க்கக் காடை மாதிரி இருந்தாலும் அது காடை இனமே கிடையாது. காலில் பின்விரல் இல்லை, உறவுமுறை பார்த்தால் ஆள்காட்டி, உள்ளான் போன்ற கரைப்பறவைகளின் பக்கம் வருகிறது. அதன் குடும்பக் கதை இன்னும் சுவாரசியம். பெட்டைதான் பெரிது, பெட்டைக்குத்தான் நிறம் அதிகம், கழுத்தில் கறுப்பு. பெட்டைகள்தான் குரல் கொடுத்து ஆணைக் கூப்பிடுகின்றன, ஆணுக்காகச் சண்டையும் போடுகின்றன. முட்டையிட்டுவிட்டு அது அடுத்த ஆணைத் தேடிக்கொண்டு போய்விடும், அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது முழுக்க அப்பன் பொறுப்பு. கூட வந்த பெண்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் மரியாதையாக நின்று கேட்டார்கள். பறவையை நாங்கள் பார்த்தது ஒரு கணம்தான், காலடியிலிருந்து கிளம்பி இரண்டு புதர் தாண்டி விழுந்தது. அண்ணன் மறுபடி அதைக் கிளப்பவில்லை. நான் கேட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்குப் பிடித்தது ஆள்காட்டிகள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது கண்மாய்க் கரையில் கத்திக்கொண்டு திரியும் சிவப்பு மூக்கு ஆள்காட்டி, ராத்திரியில் தோட்டத்துக்குள் யார் போனாலும் ஊரைக் கூட்டும். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி என்று இன்னொன்று இருக்கிறது, அது தண்ணீர்ப் பக்கம் ஒட்டாமல் கட்டாந்தரையில் வாழ்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் தொங்கும் மஞ்சள் சதை, நீளமான மஞ்சள் கால், உடம்பு அப்படியே அந்தச் செம்புராங்கல் மண்ணின் நிறம். நாலெட்டு நடக்கும், நிற்கும், நின்றால் காணாமல் போய்விடும். ஒரே பொட்டலில் இருபதடி தள்ளி நின்றிருந்ததை எங்களில் பாதிப் பேரால் அது நகரும் வரை கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணனுக்குத் தெரியும், ஏனென்றால் அவர் பறவையைத் தேடவில்லை, அது எந்தக் கல் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று முன்னமே தெரிந்து அங்கே பார்க்கிறார்.

பங்குனியில் போனபோது அது முட்டை வைத்திருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் தரையில் சின்னப் பள்ளம், சுற்றிலும் நாலைந்து கூழாங்கல், நடுவில் மண் நிறத்தில் நான்கு முட்டை. எங்கள் குழுவில் பெரிய லென்ஸோடு வந்திருந்த இரண்டு பேர் பக்கத்தில் போய்ப் படமெடுக்க ஆசைப்பட்டார்கள். ஜீப் ஓட்டிவந்த பையன், விடுதி ஆள்தான், “வாங்க சார், நான் காட்டுறேன்” என்று கிளம்பியும் விட்டான். அண்ணன் குறுக்கே நின்று நிறுத்தினார். அந்த வெயிலில் தாய்ப்பறவை எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் ஆனாலே முட்டை வெந்துவிடும். அடைகாப்பது சூடு கொடுக்க மட்டும் இல்லை, உச்சி வெயிலில் மேலே நின்று நிழல் கொடுப்பதும் அதில் சேர்த்தி. அதுவும் போதாமல் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பறந்துபோய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காரும். நாம் கூட்டைச் சுற்றி நிற்பதை மேலே காக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் நகர்ந்ததும் அது இறங்கும். இவ்வளவையும் அவர் சத்தமில்லாமல், ஆனால் நகராமல் நின்று சொன்னார். விருந்தாளியிடம் முடியாது என்று சொல்லும் துணிச்சல் எத்தனை வழிகாட்டிகளுக்கு இருக்கிறது? விடுதி அவருக்குத் துணை நின்றதா என்றால், இல்லை. லென்ஸ்காரர்கள் திரும்பி வந்து புகார் சொன்னார்கள், வரவேற்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது, அங்கேயே சொல்லிவிட்டேன்.

அதே மாதிரி, போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வித்தையையும் அவர் செய்வதில்லை. தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நம்பி அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், நாம் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். நீங்கள் போகும் இடத்தில் வழிகாட்டி ஸ்பீக்கரோடு வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பொட்டல் முடிந்து பனைமர வரிசை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன், பலர் நடந்து தாண்டிப் போய்விடுகிறார்கள். பனை ஓலையைச் சுற்றி மெலிசான சாம்பல் நிறப் பறவைகள் விடாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கும், அவை பனை உழவாரன்கள். காய்ந்து தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில், இறகையும் பஞ்சையும் தன் எச்சிலாலேயே ஒட்டிக் கூடு செய்கிறது. கம்பியில் உட்காராது, தரையில் நடக்காது, அதன் கால் அதற்குத் தோதாக இல்லை. இரை, தண்ணீர், கூட்டுக்கு வேண்டிய பஞ்சு எல்லாம் பறந்துகொண்டேதான். ஓலையை விட்டால் தொற்றிக்கொள்ள அதற்கு வேறு இடமே அநேகமாக இல்லை. பனை நமக்கு மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது, சூளைக்கு வெட்டிப் போட்ட பனைகளையும் அந்தச் சாலையிலேயே பார்த்தோம்.

மொட்டைப் பனைகளும் உண்டு, தலை போய் வெறும் தண்டாக நிற்பவை. அவற்றை யாரும் சட்டை செய்வதில்லை, ஆனால் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் கிளியும் குடித்தனம் நடத்துவது அதற்குள்தான். பனங்காடை கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது தவிட்டு நிறத்தில் சுமாராகத்தான் தெரியும். பறந்தால் இறக்கையில் இரண்டு விதமான நீலம் மாறி மாறி அடிக்கிறது, மகள் “ஐயோ” என்று கத்தியே விட்டாள். பங்குனியில் அது ஜோடி சேரும் காலம், மேலே ஏறிப் போய் உடம்பைப் பக்கவாட்டில் புரட்டிப் புரட்டிக் கத்திக்கொண்டே இறங்கும். பொங்கலின்போது இதே பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அடுத்து தைல மரக்காடு. விசேஷமாக ஒன்றும் இல்லை, விறுவிறுவென்று நடந்து தாண்டினோம். வழியை மாற்றி அதைத் தவிர்க்கலாம்.

முள்ளுக்காட்டுக்குள் நுழைந்ததும் தவிட்டுக்குருவிக் கூட்டம். சென்னையில் அடுக்குமாடி வீட்டு வளாகத்தில்கூட இருக்கும் இது என்று அலட்சியம் வேண்டாம், தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இதுவும் வேறெங்கும் கிடையாது. ஏழெட்டாகச் சேர்ந்தே திரியும், ஒரு கூட்டுக் குஞ்சுக்குக் கூட்டமே இரை கொண்டுவந்து ஊட்டும். அந்தக் கூட்டுக்குடும்பத்தை நம்பித்தான் இரண்டு குயில்கள் பிழைக்கின்றன. கறுப்பு வெள்ளையில் கொண்டை வைத்த சுடலைக்குயில் ஒன்று, “அக்கா அக்கா” என்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போகும் அக்காக்குயில் இன்னொன்று. இரண்டும் தவிட்டுக்குருவி வகைகளின் கூட்டில்தான் முட்டையைப் போட்டுவிட்டுப் போகின்றன. அக்காக்குயில் பார்வைக்கு வல்லூறு மாதிரியே இருக்கும், பறக்கும் விதமும் அப்படியே, அது மரத்தில் வந்து உட்கார்ந்ததும் சின்னக் குருவிகள் அலறி ஓடுவதை அங்கே நின்று பார்த்தோம். பொங்கல் சமயத்தில் வாயே திறக்காது, பங்குனியில் காது புளிக்கும்.

ஆனால் முள்ளுக்காட்டுக்குப் போவதே பச்சைவாயனுக்காகத்தான். இதுவும் குயில் குடும்பம்தான், ஆனால் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் கௌரவமான கிளை. பச்சை அலகு, கண்ணைச் சுற்றி நீல நிறத் தோல், நுனியில் வெள்ளை வைத்த நீளமான வால். காரை, சூரைப் புதருக்குள்ளேயே கிளை கிளையாக ஊர்ந்து போகும், வெளியே வருவதும் அபூர்வம், குரல் கொடுப்பதும் அபூர்வம். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த மாதிரி வறண்ட புதர்க்காட்டில் மட்டும் வாழ்கிற பறவை, மூணாறுக்கும் ஊட்டிக்கும் போய்த் தேடினால் கிடைக்காது. பொங்கலுக்குப் போனபோது வால் மட்டும் தெரிந்தது. பங்குனியில் அண்ணன் எங்களை ஒரு புதருக்கு எதிரே உட்கார வைத்துவிட்டார், பேச்சில்லை, அசைவில்லை, கொசு பிடுங்கி எடுத்தது, கடைசியில் ஒரு ஓணானை வாயில் கவ்விக்கொண்டு முழுசாக வெளியே வந்து உட்கார்ந்தது. இதெல்லாம் கட்டணத்தில் வராது, அவர் பொறுமைக்கு நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இனி வசைபாட வேண்டிய இடம். பைனாகுலர். விடுதி கொடுத்தது கையடக்கமான 10×25. வாங்கும்போது கடைக்காரர் “பத்து மடங்கு” என்று சொல்லித் தள்ளிவிட்டிருப்பார். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 10×25க்கு இரண்டரை மில்லிமீட்டர், 8×42க்கு ஐந்தேகால். விடிகாலை மங்கலில், அதுவும் முள்ளுக்காட்டு நிழலில், இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆறேகால் மணிக்கு அந்தக் குட்டிக் கருவியில் தெரிந்தது கறுப்பாக ஏதோ அசைவது மட்டும்தான். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. போதாக்குறைக்கு ஒன்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது, இன்னொன்றில் ஒரு கண் ஃபோகஸ் ஆகவே இல்லை. அண்ணனிடம் சொந்தமாகப் பழைய 8×42 ஒன்று இருந்தது, அதைத்தான் ஆள் மாற்றி ஆள் வாங்கிப் பார்த்தோம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டி உருப்படியான 8×42 கிடைக்கிறது. இவ்வளவு கட்டணம் வாங்கும் விடுதி நான்கு வாங்கி வைக்கலாம். இருந்தால் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி வட்டம்தான் தெரியும்.

ஆள் எண்ணிக்கையும் கேட்க வேண்டிய கேள்வி. பொங்கல் சமயத்தில் ஒரே வழிகாட்டியோடு பெரிய கூட்டத்தை அனுப்பினார்கள். வரிசையின் கடைசியில் இருப்பவருக்குக் கௌதாரியின் புழுதிகூடத் தெரியாது. நான்கு பேருக்கு மேல் என்றால் தேதியை மாற்றுங்கள்.

நடை முடிவது கண்மாய்க் கரையில். பொங்கல் சமயத்தில் இதுதான் உச்சம், கலுங்கு வழிந்து முடிந்து தண்ணீர் நிறைந்து கிடந்தது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், இலைக்கோழி, முக்குளிப்பான், சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும் பாம்புத்தாரா. நத்தைகுத்தியின் அலகு நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும், குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. கரையோர ஆலமரத்தில் சூறைக்குருவிக் கூட்டம் பழம் தின்றுகொண்டிருந்தது, மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. பங்குனியில் அதே கண்மாயில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் வெடித்த சேறு, கொக்குகள் நிறைய, மற்றபடி நிற்க முடியாத வெயில்.

இந்த நடையோடு சேர்த்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். இடம் அருமை, தொகை அநியாயம். திருப்பத்தூர் தாண்டி மதுரை போகும் வழியில் கொள்ளுகுடிப்பட்டியில் இருக்கிறது. 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள், வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி மூன்று கண்மாயும் சேர்த்து 38.4 ஹெக்டேர்தான். பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, வனத்துறை இனிப்பு கொடுக்கும் செய்தி தீபாவளிதோறும் பேப்பரில் வரும். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் வக்காவும் அடுக்கடுக்காகக் கூடு வைத்திருக்கும், எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மழை பெய்த வருஷமாக இருந்தால், நீங்களே ஒரு வண்டி பிடித்துப் போய்விடுங்கள். அங்கே எல்லாம் மரத்தின் மேலேயே கண்ணெதிரே இருக்கிறது, வழிகாட்டி அவசியம் இல்லை. பங்குனியிலும் அந்தப் பேக்கேஜை எங்களிடம் விற்கப் பார்த்தார்கள், பாதிக் கூடு காலியாகிவிட்ட நேரம்.

மெர்லின் செயலியைப் பற்றி மகள் எழுதச் சொன்னாள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகக் கொடுப்பது, குரலைக் கேட்டே பறவை இன்னது என்று யோசனை சொல்லும், இந்தியாவுக்கான தொகுப்பை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத பொட்டலிலும் வேலை செய்கிறது. பழகுவதற்கு நல்லது. அண்ணன் சொல்வதையும் செயலி காட்டுவதையும் ஒத்துப் பார்ப்பது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. அண்ணன் ஒருமுறை அந்தத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “கேக்குறது சரி, இது எந்தப் புதர்னு சொல்லுமா?” என்றார். பொங்கல் விடுமுறையில் வருகிறவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம், 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிறது, பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும்.

பலகாரம். குறையே சொல்ல முடியாது. வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், இடியாப்பம், கேட்டால் கும்மாயம். சமையல்கட்டு ஆச்சி மகளுக்குக் கந்தரப்பம் தனியாக எடுத்து வைத்திருந்தார். சாப்பிடும் பட்டாலைக்கு நேரே மூடிக்கிடக்கும் பக்கத்து வீட்டு மேல்மாடியில் கூகை இருக்கிறது, அதன் எச்சமும் அது கக்கிப் போட்ட எலும்பு உருண்டைகளும் கைப்பிடிச் சுவருக்கு அடியில் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் எலி மண்டை ஓடு முழுசாக இருக்கும். இத்தனை பூட்டிய பங்களாக்கள் இருக்கும் ஊரில் கூகைக்கு வீட்டுப் பஞ்சம் இல்லை. விடுதிக்காரர்கள் இதை அட்டையில் போடலாம், போடவில்லை, ஆந்தை என்றால் விருந்தாளிகள் பயப்படுவார்களாம்.

அட்டையில் இல்லாத இன்னொன்று சாயங்கால நடை. பங்குனியில் அண்ணன் தானாகக் கூட்டிப் போனார். இருட்டும் நேரத்தில் மண்சாலையில் பக்கி என்கிற ராப்பறவை உட்கார்ந்திருக்கும், டார்ச் பட்டால் கண் சிவப்பாக மின்னும், காலால் மிதிக்கிற தூரம் வரை எழாது. குரல், ஆத்தங்குடிக் கல் தரையில் பிங்பாங் பந்தைப் போட்டுவிட்டால் துள்ளித் துள்ளி வேகம் கூடி அடங்குமே, அதேதான். அப்புறம் கண்கிலேடி, பெரிய மஞ்சள் கண், பகலெல்லாம் புதரடியில் அசையாமல் கிடந்துவிட்டு இருட்டியதும் கத்த ஆரம்பிக்கும். காலை நடையைவிட எனக்கு இது ஒரு படி மேல்.

காசு விஷயம். 1,500இல் அண்ணன் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன், சிரித்தார், தொகையைச் சொல்லவில்லை. ஜீப்பையும் பைனாகுலரையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்த நடையே அவர்தான், ஆகவே கையில் தனியாகக் கொடுங்கள், வரவேற்பில் வைத்துக் கொடுக்காதீர்கள். பதிவு செய்யும்போது எந்த வழிகாட்டி வருவார், கிளம்பும் நேரம் என்ன, எத்தனை பேர் என்ற மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைவாயன், ஆள்காட்டி, பக்கி என்றால் பங்குனி, சித்திரை. நீர்ப்பறவை என்றால் மார்கழி, தை. செருப்போடு போக வேண்டாம், நெருஞ்சியும் கருவை முள்ளும் ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறும். சாயங்கால நடைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குள் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு அவர் ஆடு பத்தப் போய்விடுவார், போனையும் எடுக்க மாட்டார்.